‘மூன்ஸ்ட்ரக்’ படத்தில் இருப்பவர்களும் இல்லாதவர்களும்: நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. ‘மூன்ஸ்ட்ரக்’ படத்தைப் பாராட்டிப் பேசியிருந்தேன். அதற்கு ஒரு நேயர் கேட்கிறார்: “இத்தாலிய அமெரிக்கர்களை அழகாகக் காட்டிய படம் என்கிறீர்கள். ஆனால் நாயகி ஷேரே இத்தாலியர் இல்லை. நியூயார்க்கில் நடக்கிற கதையில் கறுப்பினத்தவரையும் காணோம். பிறகு எப்படி?”

கேட்க வேண்டிய கேள்விதான். படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987இல் வந்தது. புரூக்ளினில் கணக்கு எழுதிப் பிழைக்கும் லொரெட்டாவுக்கு வயது 37, கணவனை இழந்தவள். ஜானி என்பவரை மணக்கச் சம்மதித்த பிறகு, ரொட்டிக்கடை நடத்தும் அவருடைய தம்பி ரானி மேல் காதல் வந்துவிடுகிறது.

லொரெட்டாவாக நடித்த ஷேரின் அப்பா ஆர்மீனிய வம்சாவளி. லொரெட்டாவின் அம்மாவாக நடித்த ஒலிம்பியா டுகாகிஸ் கிரேக்க வம்சாவளி. எழுதிய ஜான் பாட்ரிக் ஷான்லி ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளை. படத்துக்குக் கிடைத்த மூன்று ஆஸ்கார்களும் இந்த மூவருக்குத்தான்! இன்னொரு பக்கம், அப்பாவாக வரும் வின்சென்ட் கார்டீனியா இத்தாலியில் பிறந்தவர். ரானியாக நடித்த நிக்கோலஸ் கேஜின் இயற்பெயர் நிக்கோலஸ் கொப்போலா; ‘காட்ஃபாதர்’ எடுத்த கொப்போலாவின் அண்ணன் மகன். ஆக, கலப்பான கூட்டம். கையில் துப்பாக்கி ஏந்தாத, காதலிக்கிற இத்தாலியப் பெண்ணின் வேடம் வருவதே அரிது. வந்த ஒன்றும் வெளியே போய்விட்டதே என்று ஓர் இத்தாலிய நடிகை வருந்தினால் அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனாலும் இந்தப் படம் எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால், அந்த வீட்டின் சமையலறைக்காக. ரொட்டித் துண்டின் நடுவே குழி வெட்டி, அதில் முட்டையை ஊற்றி, வாணலியில் பொரித்து, சிவப்புக் குடைமிளகாயோடு மகளுக்குத் தட்டில் வைக்கிறாள் அம்மா ரோஸ். அப்பா காஸ்மோ ஒரு பிளம்பர். வாடிக்கையாளரிடம் செம்புக் குழாயின் பெருமையை அவர் விளக்குவதைப் பாருங்கள், தொழில் தெரிந்த மனிதரின் கர்வம் முகத்தில் தெரியும். மாஃபியா என்ற பேச்சே இல்லை. சத்தம், சாபம், ஓபரா, சகுனம் எல்லாம் உண்டு, அவை பழகிய அடையாளங்கள்தான். ஆனால் லொரெட்டா சகுனம் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது: முதல் கல்யாணத்தை முறைப்படி செய்யாததால்தான் கணவன் பஸ்ஸில் அடிபட்டுச் செத்தான் என்று நம்புகிறாள். அதனால்தான் ஜானியை மண்டியிட வைத்து மோதிரம் கேட்கிறாள்.

அப்புறம் வயது. பன்முகத்தன்மை என்றால் நாம் இனத்தை மட்டும் எண்ணுகிறோம். கணவன் வேறொரு பெண்ணோடு சுற்றுவதை அறிந்த ரோஸ், உணவகத்தில் தனியாகச் சாப்பிடுகிறாள். அங்கே அறிமுகமான ஒரு பேராசிரியர் வீடு வரை வந்து, உள்ளே வரலாமா என்று ஜாடையாகக் கேட்கிறார். மறுத்துவிடுகிறாள். தான் யார் என்று தனக்குத் தெரியும் என்பதும் அவள் சொல்லும் காரணங்களில் ஒன்று. பேரப்பிள்ளை எடுக்கும் வயதுப் பெண்ணுக்கு இத்தனை கண்ணியமான காட்சி எத்தனை காதல் படங்களில் உண்டு?

இப்போது உங்கள் இரண்டாவது பாதி. அங்கே நீங்கள் சொல்வதே சரி. கறுப்பினத்தவருக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வேடமும் இல்லை. அது சின்னக் குறை இல்லை. 1989 ஆகஸ்டில், அதே புரூக்ளினில், இத்தாலிய அமெரிக்கர்கள் நிறைந்த பென்சன்ஹர்ஸ்ட் பகுதிக்குப் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போன யூசுஃப் ஹாக்கின்ஸ் என்ற 16 வயதுக் கறுப்பினப் பையனை வெள்ளைக்கார இளைஞர் கும்பல் வளைத்துக்கொண்டது. அவன் சுட்டுக் கொல்லப்பட்டான். நிலா வெளிச்சத்தில் நாம் பார்த்த தெருக்களுக்கு இந்தப் பக்கமும் இருந்தது, படம் அதைத் தொடவே இல்லை.

அதே ஆண்டு கறுப்பின இயக்குநர் ஸ்பைக் லீயின் ‘டூ தி ரைட் திங்’ படம் வந்தது. இங்கே ஜானியாக நடித்த டேனி ஐயெல்லோதான் அங்கே புரூக்ளினின் கறுப்பினப் பகுதியில் பீட்சா கடை வைத்திருக்கும் சால். முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சாலின் கடைச் சுவர் முழுக்க இத்தாலிய அமெரிக்கப் பிரபலங்களின் புகைப்படங்கள். தினமும் அங்கே பீட்சா வாங்கும் கறுப்பின இளைஞன் ஒருவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, எங்கள் ஆட்கள் படம் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்கிறான். நீங்கள் கேட்டதும் அதே கேள்விதான்.