சந்திக்குச் சந்தி சிலை: யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிள் சுற்று

வணக்கம் எல்லாருக்கும். போன வீடியோவுக்குக் கீழே கன பேர் கேட்டிருந்தீர்கள், வெளிநாடுகளில் இருக்கிற மாதிரித் திறந்தவெளிச் சிற்பப் பூங்கா ஒன்றும் யாழ்ப்பாணத்தில் இல்லையோ என்று. டிக்கெட் எடுத்து உள்ளே போய்ப் புல்தரையில் நடந்து பார்க்கிற இடம் நான் அறிய இல்லை. ஆனால் சந்திக்குச் சந்தி சிலை வைத்திருக்கிற ஊர் இது. அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன், நீங்களும் வாங்கோ.

இப்ப நான் நிற்பது நல்லூர் முத்திரைச் சந்தி. பின்னால் பஸ் ஹோர்ன் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கோ. இந்தக் குதிரையில் இருப்பவர் சங்கிலியன். 1619இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டு, கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்ட, யாழ்ப்பாண இராச்சியத்தின் கடைசி அரசன். 2011இல் சிலையைப் புதுப்பித்துத் திறந்தார்கள். எல்லாரும் முன்னால் நின்று ஒரு செல்ஃபி எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நான் சொல்வது, ஒருமுறை சுற்றி வந்து குதிரையின் கால்களைப் பாருங்கோ. குதிரைச் சிலையில் கஷ்டமே கால்தான். அவ்வளவு பெரிய உடம்பு, மேலே ஆள் வேறு, எல்லாப் பாரமும் மெல்லிய கால்களில் இறங்க வேணும். அதனால் சீமெந்தில் குதிரை செய்கிறவர்கள் முதலில் கம்பியால் எலும்புக்கூடு கட்டுவார்கள், பிறகுதான் சாந்து அப்பி உருவம் எடுப்பார்கள். குதிரை ஒரு காலைத் தூக்கியிருந்தால் அரசன் காயப்பட்டுச் செத்தவன், இரண்டு காலைத் தூக்கியிருந்தால் போர்க்களத்தில் செத்தவன் என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதல்லோ, அப்படி ஒரு விதியும் கிடையாது. செய்கிறவருக்குப் பிடித்த மாதிரி, பாரம் தாங்குகிற மாதிரித்தான் கால் நிற்கும்.

சரி, ஏன் சீமெந்து? ஏன் எங்கள் சந்திகளில் கருங்கல் சிலைகளைக் காண்பது அரிது? இதைத்தான் இன்றைக்குக் கதைக்க வேணும் என்று வந்தேன்.

குடாநாட்டுக்கு அடியில் இருப்பது முழுக்கச் சுண்ணக்கல். கிணறு வெட்டும்போது வருகிற அந்த வெள்ளைக் கல்தான். துளை துளையாக இருக்கும், அதற்குள்தான் எங்கள் நிலத்தடித் தண்ணீரும் நிற்கிறது. அதில் மதில் கட்டலாம், வீடு கட்டலாம், ஆனால் மூக்கும் முழியும் நகக்கண்ணும் எடுக்க அது இடம் கொடுக்காது. கந்தரோடையில் அந்தச் சின்னச் சின்னத் தூபிகள் இருக்கின்றன, 1917 அளவில் வரலாற்று ஆய்வாளர் போல் பீரிஸ் தோண்டி ஆராய்ந்த இடம், அங்கே போய்ப் பாருங்கோ. உருண்டையான எளிய வடிவங்கள்தான், அதுவும் ஒரு தனி அழகு. கோட்டையிலும் முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லைத்தான் அடுக்கியிருக்கிறார்கள். கோயில் மூலஸ்தானங்களில் இருக்கிற கருங்கல் விக்கிரகங்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் செதுக்கிக் கடல் கடந்து வந்தவை.

ஆனால் அதே சுண்ணக்கல்லைக் களிமண்ணோடு சேர்த்துச் சூளையில் சுட்டு அரைத்தால் சீமெந்து. 1950இல் தொடங்கின காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை இந்தக் கல்லை நம்பி வந்ததுதான், 1990இல் போரோடு நின்றுபோனது. அதாவது உளிக்கு அடங்காத கல்லை மாவாக்கிக் குழைத்துச் சிலை செய்கிற ஊர் நாங்கள். "சீமெந்துப் பொம்மை" என்று முகம் சுளிக்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

எனக்குக் கோபம் பெயின்ற் மேல்தான். விழா வருகிறது என்றால் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே பூசுகிறார்கள். சில வருடத்தில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, கண்ணிமை மறைந்து, முகம் வழுவழு என்று ஆகிவிடும். எந்தச் சிலை என்று சொல்லப் போவதில்லை, இந்த வீடியோவிலேயே கண்டுபிடிப்பீர்கள்.

இப்ப நூலகத்துக்கு முன்னால் வந்துவிட்டேன். வாசலில் வீணையோடு சரஸ்வதி. 1981இல் 97,000 புத்தகங்களோடு எரிந்த கட்டிடம், அதைப் பற்றி முன்பே தனியாக ஒரு வீடியோ போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே தந்தை செல்வா நினைவுத் தூபி, கொஞ்சம் தள்ளி மணிக்கூட்டுக் கோபுரம், 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்துபோன ஞாபகத்துக்குக் கட்டினது. மைக்கில் காற்று இரைகிறது, கேட்குதோ? கடல்நீரேரிப் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்று இது. இந்தக் காற்றுதான் சீமெந்துச் சிலைக்கு யமன். மெல்லிய வெடிப்புக்குள்ளால் உப்பும் ஈரமும் போய்க் கம்பி கறள் பிடிக்கும், கறள் பிடித்த கம்பி ஊதி, மேலே இருக்கிற சாந்தைப் பிளந்து தள்ளும். சிலையில் மண்ணிறக் கோடு வழிந்திருந்தால் உள்ளே அலுவல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் பெயின்ற் அடித்து ஒரு பிரயோசனமும் இல்லை.

செதுக்கு வேலையே எங்களிடம் இல்லையோ என்றால், இருக்கிறது, மரத்தில். இலுப்பையிலும் வேம்பிலும் தேர் செய்கிற ஆசாரிமார், வாகனம் செய்கிறவர்கள், அவர்கள்தான் இந்த ஊரின் பெரிய சிற்பிகள் என்பது என் கணக்கு. திருவிழாச் சனத்துக்குள் தேரின் கீழ்த்தட்டுச் சிற்பங்களை யார்தான் பார்க்கிறது? திருவிழா இல்லாத நாளில் தேர்முட்டிப் பக்கம் போய், திறந்திருந்தால் கேட்டுப் பாருங்கோ.

கருங்கல்தான் பார்க்க வேணும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு நாவற்குழி இருக்கிறது. ஏ9 வீதியில் சிவபூமி திருவாசக அரண்மனை, 2018இல் திறந்தது. திருவாசகத்தின் 658 பாடல்களையும் கருங்கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். எழுத்துக்கும் ஒரு சிற்ப அழகு இருக்கிறது, பக்கவாட்டு வெளிச்சம் விழும்போது நின்று பாருங்கோ, அதனால் காலையிலேயே போவது நல்லது. மத்தியானம் என்றால் செருப்புக் கழற்றின காலைக் கல் சுட்டுவிடும். சைக்கிளில் போகிறவர்கள் தண்ணீர் கொண்டுபோங்கோ, செம்மணி வெளியில் ஒதுங்க நிழலே இல்லை.

உங்கள் ஊர்ச் சந்தியில் என்ன சிலை நிற்கிறது, கையும் விரலும் ஒழுங்காக இருக்கோ, கீழே எழுதுங்கோ. அடுத்த சுற்று வடமராட்சிப் பக்கம்.