நிலக்கரிக்குப் போகாத பாதை

நேயர்களுக்கு வணக்கம். முப்பத்தோரு வருடம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவன் நான். பிரேக் வேனில் உட்கார்ந்து, முன்னால் போகும் ஐம்பத்தெட்டு வேகன்களின் முதுகைப் பார்த்தபடியே காலத்தை ஓட்டியவன். பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நேரம் பார்ப்பது கார்டுக்குத் தொழில்தான், ஆனால் ரயில் பேச்சென்று வந்துவிட்டால் என் கடிகாரம் ஓடாது. பார்ப்போம்.

போடாமலே போன ஒரு ரயில் பாதையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பாதை அமெரிக்காவில். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 2006 கோடையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊர். மேயோ கிளினிக் என்ற பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதே, அந்த ஊர்தான். போன மூன்றாம் நாளே காலை நடையில் தண்டவாளத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். மூக்கு அப்படி. கொஞ்ச நேரத்தில் ஒரு வண்டி வந்தது. நீலமும் மஞ்சளுமாக இரண்டு எஞ்சின், பின்னால் தானிய வேகன்கள். எண்ணினேன், நாற்பத்தேழு. நம்மூரில் வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் காஷன் போட்ட இடத்தில் வண்டி ஊருமே, அப்படி ஊர்ந்தது. சைக்கிளில் போன ஒரு பையன் அதை முந்திக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்து சொன்னால் மகளுக்குக் கோபம். "அந்த ரயிலையாப்பா ரசிச்சீங்க? ஊரே அதை எதிர்த்துக்கிட்டிருக்கு!" என்றாள். அப்போதுதான் விஷயம் தெரிந்தது.

அந்தக் கம்பெனிக்கு டகோட்டா, மினசோட்டா அண்ட் ஈஸ்டர்ன் என்று பெயர். வாய் வலிக்கும். சுருக்கமாக டி.எம்.இ. என்று வைத்துக்கொள்வோம். 1986இல் பிறந்தது. அதற்கு முன் அந்தப் பாதை சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் என்ற பெரிய கம்பெனியிடம் இருந்தது. மினசோட்டாவிலிருந்து தெற்கு டகோட்டாவைக் குறுக்காகக் கடந்து, மிசௌரி ஆற்றைத் தாண்டி, ரேபிட் சிட்டி வரை போகும் பழைய பாதை. கோதுமையும் மக்காச்சோளமும்தான் சரக்கு. விளைச்சல் இருந்தால் வண்டி, இல்லாவிட்டால் துரு. லாபமில்லை என்று பெரிய கம்பெனி கைகழுவப் பார்த்தது. விவசாயிகள் பதறினார்கள், அரசியல்வாதிகள் தலையிட்டார்கள், கடைசியில் சுமார் 1500 கிலோமீட்டர் பாதையை ஒரு சின்னக் கம்பெனி வாங்கி ஓட்ட ஆரம்பித்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தானியப் பாதையைத் தள்ளிவிட்ட அதே நார்த் வெஸ்டர்ன், 1984இலேயே பக்கத்து மாநிலமான வையோமிங்கில் நிலக்கரி ஏற்ற ஆரம்பித்திருந்தது. பவுடர் ரிவர் படுகை என்று அந்த இடத்துக்குப் பெயர். பூமியை மேலாகச் சுரண்டினால் போதும், இருபது முப்பது மீட்டர் கனத்துக்கு நிலக்கரி. கந்தகம் குறைவு. காற்று மாசுச் சட்டங்கள் இறுக இறுக, மின் நிலையங்களெல்லாம் அந்தக் கரியைத்தான் கேட்டன. நம்முடைய ஒரு ரேக், அதாவது ஒரு முழு கூட்ஸ் வண்டி, முக்கால் கிலோமீட்டர்கூட வராது. அங்கே நிலக்கரி வண்டி நூறு வேகனுக்கு மேல், இரண்டு கிலோமீட்டர் நீளம். அப்படி ஒன்றன்பின் ஒன்றாக. பணம் கொட்டியது. ஆனால் அந்தக் கரியை ஏற்றிவர இரண்டே ரயில் கம்பெனிகள்தான்.

மூன்றாவதாக நாம் போவோம் என்றார் டி.எம்.இ.யின் தலைவர் கெவின் ஷீஃபர். 1998 பிப்ரவரியில் அரசிடம் மனுப் போட்டார். தெற்கு டகோட்டாவில் வாஸ்டா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்திலிருந்து பிரிந்து, தென்மேற்காக வையோமிங் சுரங்கங்கள் வரை புதிய பாதை, சுமார் 450 கிலோமீட்டர். அதோடு பழைய பாதையில் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டரைப் புதுப்பிப்பது. ஆண்டுக்குப் பத்துக் கோடி டன் கரி என்று கனவு.

என் கட்சியை இங்கே சொல்லிவிடுகிறேன். ரயில்காரன் கண்ணால் பார்த்தால் அவர் கேட்டது அந்த 450 கிலோமீட்டரை மட்டுமில்லை. பழைய தண்டவாளம் பல இடங்களில் மணிக்குப் பதினாறு கிலோமீட்டருக்கு மேல் தாங்காது. மாற்றப் பணம் வேண்டும். கோதுமை அந்தப் பணத்தைத் தராது, கரி தரும். கரியின் தயவில் கோதுமைக்காரனுக்கும் நல்ல பாதை. கணக்கு சரிதானே? மகளிடம் இதைத்தான் சொன்னேன். "பாதை நல்லா இருக்கும்பா, ஊர்?" என்றாள்.

அடுத்த நாள் இரவு இரண்டு மணிக்கு ஒரு வண்டி ஊருக்குள் வந்தது. இனி நான் சொல்வதைக் கொஞ்சம் காதால் பாருங்கள். அமெரிக்காவில் லெவல் கிராசிங் வந்தால் ஹாரன் அடிக்க ஒரு விதி இருக்கிறது. நீளம், நீளம், குட்டை, மறுபடி நீளம். பாஆம்... பாஆம்... பம்... பாஆஆம். எஞ்சின் கிராசிங்குக்குள் நுழையும்வரை அந்தக் கடைசி நீட்டலை விடக்கூடாது. அடுத்த தெருவில் இன்னொரு கிராசிங். மறுபடி பாஆம்... பாஆம்... பம்... பாஆஆம். நான் படுக்கையில் உட்கார்ந்து எண்ணினேன். எட்டாவது முறை அடித்தபோது பேத்தி எழுந்து அழ ஆரம்பித்தாள்.

எனக்கு ஹாரன் சத்தம் தாலாட்டு. வீட்டில் மற்றவர்களுக்கு அப்படியில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதுவும் அந்த இரவு வந்தது ஒரே ஒரு வண்டி. திட்டப்படி பார்த்தால் ஏற்றிவந்ததும் காலியாகத் திரும்புவதுமாக ஒரு நாளைக்கு முப்பதுக்கும் மேல்! ஆஸ்பத்திரியோ தண்டவாளத்துக்குப் பக்கத்தில். இரண்டு கிலோமீட்டர் வண்டி குறுக்கே நிற்கும்போது ஆம்புலன்ஸ் என்ன செய்யும்? கேட் மூடி, உங்கள் பேருந்து நின்று, வெயிலில் வெந்த அனுபவம் நேயர்கள் எல்லோருக்கும் இருக்கும். பேருந்துக்குப் பதில் ஆம்புலன்ஸை நினைத்துப் பாருங்கள். ஊரைச் சுற்றிப் பைபாஸ் பாதை போடுங்கள் என்று ராச்செஸ்டர் கேட்டது. புதுப் பாதைக்கு அனுமதி தரும் அரசு வாரியம் ஒப்பவில்லை.

வாரியம் 2002 ஜனவரியில் திட்டத்துக்கு அனுமதி தந்துவிட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2003இல் எட்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியைத் திருப்பி அனுப்பியது. சொன்ன காரணங்களில் ஒன்று, நம்முடைய இந்த ஹாரன்தான். ஹாரன் சத்தத்துக்கு என்ன பரிகாரம் என்று ஏன் யோசிக்கவில்லை என்று கேட்டது. இன்னொன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. பாதை வந்தால் கரி மலிவாகும், மலிவானால் அதிகம் எரிப்பார்கள், அதிகம் எரித்தால் காற்று என்னாகும்? இதை ஏன் பார்க்கவில்லை? எவ்வளவு எரியும் என்று தெரியாமலிருக்கலாம், எரியும் என்பது தெரியுமே என்றது. ரயிலின் வேலை சரக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, அங்கே அது என்னாகிறது என்பது நம் பாடில்லை என்று முப்பத்தோரு வருடம் நினைத்தவன் நான். மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்தத் தீர்ப்பைக் கேட்டதும் கொஞ்சம் வாய் அடைத்துத்தான் போனது.

வாரியம் மறுபடி ஆராய்ந்து 2006 பிப்ரவரியில் மறுபடி அனுமதித்தது. அந்த டிசம்பரில் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. சரி, வழி கிடைத்தாயிற்று. பணம்? மத்திய அரசின் ரயில் கடன் திட்டத்தில் 230 கோடி டாலர் கேட்டிருந்தார்கள். 2007 பிப்ரவரியில் ஃபெடரல் ரயில்ரோடு நிர்வாகம் மறுத்துவிட்டது. வரிப்பணத்துக்கு இவ்வளவு ஆபத்து கூடாது என்றது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடம்தான். லக்கோட்டா பழங்குடியினரின் ஒப்பந்த நிலம், நிலத்தைக் கொடுக்கமாட்டோம் என்ற மாட்டுப் பண்ணைக்காரர்கள், இதற்கெல்லாம் தனியாகக் குறிப்பு எழுதிவந்தேன். இன்று முடியாது.

வேகமாகச் சொல்கிறேன். 2007இல் கனடியன் பசிபிக் டி.எம்.இ.யை 148 கோடி டாலருக்கு விலைபேசி, மறுவருடம் கையில் எடுத்தது. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. 2025 டிசம்பர் 31க்குள் நிலக்கரிப் பாதை வேலையை ஆரம்பித்தால் பழைய முதலாளிகளுக்கு இன்னும் 35 கோடி டாலர் தரவேண்டும். ஆரம்பிக்கவேயில்லை. எரிவாயு விலை விழுந்தது. 2012 ஏப்ரலில் அமெரிக்க மின்சாரத்தில் எரிவாயுவின் பங்கும் கரியின் பங்கும் ஏறக்குறைய சமமாகிவிட்டன. அந்த டிசம்பரில் கனடியன் பசிபிக் திட்டத்தைக் காலவரையறை இல்லாமல் ஒத்திவைத்தது. 2014இல் மினசோட்டாவின் டிரேசியிலிருந்து மேற்கே இருந்த பாதையை இன்னொரு கம்பெனிக்கு 21 கோடி டாலருக்கு விற்றது. தானியம் போகிறது, பெண்டோனைட் களிமண் போகிறது. ராச்செஸ்டர் பக்கம் கனடியன் பசிபிக்கிடமே தங்கியது.

தம்பி இப்போது ஒரு விரல் காட்டுகிறார். மகள் இப்போதும் அதே ஊரில்தான். போன வாரம் போன் பேசும்போது பின்னால் அந்த ஹாரன் கேட்டது. பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலுக்குப் போனாள். ஐந்து நிமிடம் கழித்து வந்து, "அறுபத்திரண்டுப்பா, எல்லாம் தானியம்" என்றாள். வணக்கம்.