‘நல்லா இருந்துச்சு’, அதற்கு அப்புறம்?

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

நூலகர் அவர்களுக்கும், வாசகர் வட்ட நண்பர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் சீருடையோடு வந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

சிறப்புரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். ஆனால் எனக்கு முன்னால் ‘சமீபத்தில் படித்த புத்தகம்’ என்று ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினீர்களே, அதைக் கேட்டதும் எழுதிக்கொண்டு வந்த தாளைப் பைக்குள் வைத்துவிட்டேன். நீங்கள் பேசியதைப் பற்றியே பேசுகிறேன். சிறப்புரை இன்னொரு நாளைக்கு ஆகட்டும்.

முதலில், ‘அருமையான நாவல், எல்லோரும் அவசியம் படிக்க வேண்டும்’ என்று சொன்னவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன எதுவும் எனக்கு நினைவில் இல்லை. புத்தகத்தின் பெயரை மாற்றிப் போட்டாலும் அந்தப் பேச்சு அப்படியே பொருந்தும். கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் ‘பிரமாதம்’ என்கிறோமே, அந்த மாதிரிதான். ரசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால்தான் சாப்பிட்டீர்கள் என்று தெரியும்.

ஆனால் இரண்டாவதாகப் பேசிய தம்பி ‘வெக்கை’ படித்ததைச் சொன்னார். “அசுரன் பார்த்துட்டு ஆசையா வாங்கினேன் சார், ஏமாந்துட்டேன். படத்துல வர்ற பிளாஷ்பேக் இதுல இல்ல. அப்பா சண்டையே போடல” என்றார். நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு இன்று கேட்டதிலேயே உருப்படியான கருத்தாக அதுதான் பட்டது.

ஏன் என்று சொல்கிறேன். பூமணியின் அந்த நாவல் 1982இல் வந்தது. அதை வைத்து எடுத்த ‘அசுரன்’ படம் 2019இல் வந்தது. படத்தில் கதையைத் தூக்கிச் சுமப்பவர் அப்பா. அவருடைய இளமைக்கால அடிதடி, இழப்பு எல்லாம் நீளமாக வருகிறது. நாவலில் நம்மைக் கூட்டிக்கொண்டு போகிறவன் பையன் சிதம்பரம். தன் அண்ணன் சாவுக்குக் காரணமான வடக்கூரானின் கையை வெட்டத்தான் போகிறான், ஆள் செத்தே போகிறான். அப்புறம் எட்டு நாட்கள் அப்பாவும் பிள்ளையும் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். எங்கே படுப்பது, எங்கே தண்ணீர் குடிப்பது, இன்றைக்கு என்னத்தைச் சாப்பிடுவது என்று போகிறது கதை. கொலை செய்த பிள்ளையை அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பழைய கதை பேசுகிறார்.

‘அப்பா சண்டையே போடல’ என்று தம்பி குறையாகச் சொன்னது, நாவல் எங்கே நிற்கிறது என்பதைச் சரியாகத் தொட்டுவிட்டது. அது ஏமாற்றமாக இருந்தது என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். நாவலைப் பிடித்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அவர் கவனித்திருக்கிறார், எனக்கு அது போதும்.

அதே மாதிரி ‘மோகமுள்’ பற்றிப் பேசிய அக்கா. தி. ஜானகிராமனின் நாவல் என்றாலே யமுனா, பாபு, கும்பகோணம், சங்கீதம் என்று நாலு விஷயத்தைச் சுற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். பாபுவின் சங்கீத குரு ரங்கண்ணாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இந்த அக்கா அதையெல்லாம் தாண்டிப்போய், “எனக்குத் தங்கம்மாதான் மனசுல நின்னா. அவளுக்கு யாரும் அழலையே” என்றார். கிழவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்ட சின்னப் பெண். பக்கத்து வீட்டில் இருக்கும் பாபுவை நாடி வருகிறாள், கடைசியில் உயிரை விட்டுவிடுகிறாள். பாபுவுக்கு அது குற்ற உணர்வு, அவன் மேலே நடந்து போய்விடுகிறான். கதையும் அவன் கூடவே போய்விடுகிறது. அக்கா மட்டும் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். “பாபுவை ரெண்டு அறை விடணும் போல இருந்துச்சு” என்றும் சொன்னார். இதை விமர்சனம் என்று பத்திரிகையில் போட மாட்டார்கள். போட்டால் நான் முதலில் படிப்பேன்.

சரி, வாசகர் இப்படிச் சொல்வதெல்லாம் எழுதுகிறவர் காதில் விழுமா? விழுந்திருக்கிறது, நன்றாகவே விழுந்திருக்கிறது.

கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 அக்டோபரில் தொடராகத் தொடங்கினார். மூன்றரை வருஷம் வாராவாரம் வந்தது. இங்கே மூத்தவர்கள் வீட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுதி இருந்திருக்கும். ஓவியர் மணியத்தின் படங்களோடு, பின்பக்கத்தில் பாதி விளம்பரம் பாதி துணுக்கு என்று இருக்கும். அப்படி வாரக்கணக்கில் காத்திருந்து படித்தவர்களுக்குக் கதை சட்டென்று முடிந்ததும் தாங்கவில்லை. குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா, இல்லையா? மற்றவர்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? கல்கி ஒரு முடிவுரை எழுதி இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். புத்தகத்தின் கடைசியில் இன்றைக்கும் அது இருக்கிறது. அவசரமாக மூடி வைக்காமல் படித்துப் பாருங்கள். ஒரு பெரிய எழுத்தாளர், பேரக் குழந்தைகளுக்குச் சொல்வது மாதிரி உட்கார்ந்து பதில் சொல்லியிருக்கிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை மட்டும் அடித்துச் சொல்லவில்லை. அதனால்தான் எழுபது வருஷம் கழித்து நம் கூட்டத்தில் இரண்டு பேர் அதற்காகச் சண்டை போட்டுக்கொண்டீர்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஜெயகாந்தனுடையது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், பிள்ளைகள் சிலருக்குத் தெரிந்திருக்காது.

1966இல் ஆனந்த விகடனில் ‘அக்னிப் பிரவேசம்’ என்று ஒரு சிறுகதை வருகிறது. மழைநாள். பஸ் நிறுத்தத்தில் நனைந்தபடி நிற்கும் கல்லூரிப் பெண்ணை, முன்பின் தெரியாத ஒருவன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போகிறான். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா முதலில் பதறுகிறாள். அப்புறம் பெண்ணின் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய், யாரிடமும் சொல்லாதே என்கிறாள். அவ்வளவுதான் கதை.

கண்டனக் கடிதங்கள் குவிந்தன. இப்படி ஒரு தாய் இருப்பாளா, ஒரு வாளித் தண்ணீரில் எல்லாம் போய்விடுமா என்றார்கள். இன்னும் சிலர், கதை இப்படித்தான் முடிந்திருக்க வேண்டும் என்று தாங்களே மாற்றி எழுதிப் பார்த்தார்கள். எனக்கு அந்தக் கடிதங்களில் பாதியின் நியாயம் ஒப்பாது. அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டும் என்று துடித்தவர்கள் அதில் நிறையப் பேர். ஆனாலும் அவர்கள் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று பாருங்கள். அந்த ஒரு குடம் தண்ணீரை, அந்த ஒரு இடத்தைப் பற்றி. ‘கதை சுமார்’ என்று யாரும் எழுதவில்லை.

ஜெயகாந்தன் என்ன செய்தார்? சரி, அந்த அம்மா தண்ணீர் ஊற்றாமல் ஊரைக் கூட்டியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள், பார்த்துவிடுவோம் என்று தினமணி கதிரில் தொடர் எழுத ஆரம்பித்தார். ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் வந்தது. புத்தகமானபோது ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’. அதில் அம்மா கத்திவிடுகிறாள், அண்ணன் வெளியே துரத்துகிறான், அந்தப் பெண் கங்கா படித்து உத்தியோகத்துக்குப் போய்த் தனியாக வாழ்கிறாள். நாவலுக்குள்ளேயே அந்தப் பழைய சிறுகதை, ஆர்.கே.வி. என்ற எழுத்தாளர் எழுதியதாகப் பத்திரிகையில் வருகிறது. தான் வாழ்ந்திருக்கக்கூடிய இன்னொரு வாழ்க்கையைக் கங்கா அச்சில் படிக்கிறாள். 1972இல் அந்த நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது. 1977இல் படமும் வந்து, லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

கோபித்துக்கொண்ட வாசகர்கள் இல்லையென்றால் கங்கா இல்லை. கடிதம் போட்டவர்கள் விமர்சகர்கள் இல்லை, வாரப் பத்திரிகை வாங்கிப் படித்த சாதாரண ஜனங்கள்.

இதைக் கேட்டுவிட்டு, ‘ஆக, எந்த இடம் பிடிக்கவில்லை என்று சொன்னால் போதும்’ என்று கிளம்பிவிடாதீர்கள். அந்த இடத்தை மட்டும் பிடுங்கி எடுத்துக்கொண்டு அலைவதும் நம் ஊரில் நடந்திருக்கிறது. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வந்த நாவல். நாலு வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. முழு நாவல் அல்ல, அதிலிருந்து சில பக்கங்களை நகல் எடுத்து விநியோகித்தார்கள். குழந்தை இல்லாத காளியும் பொன்னாவும் ஊராரின் பேச்சில் எப்படி நாள்பட நாள்பட வேகிறார்கள் என்பது அந்த நகலில் எங்கே வரப்போகிறது? 2015 ஜனவரியில் அவர் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்துவிட்டு ஒதுங்கினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்கவில்லையா, புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள் என்று அதில் இருக்கிறது. எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்றும் இருக்கிறது. அவரும் எழுதினார்.

ஜெயகாந்தனுக்குக் கடிதம் போட்டவர்கள் முழுக் கதையையும் படித்துவிட்டுக் கோபப்பட்டவர்கள். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது பெரிய வித்தியாசம்.

இப்போது இன்னொரு தரப்பு. ‘ஆழி சூழ் உலகு’ எடுத்து ஐம்பது பக்கத்தோடு வைத்துவிட்டேன், பேச்சு புரியவில்லை என்று சொன்ன ஐயா. சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். எதற்கு ஐயா? ஜோ டி குரூஸ் எழுதியிருப்பது தென்கோடிக் கடற்கரைப் பரதவர்களின் பேச்சு. காற்றுக்கும் மீனுக்கும் வலைக்கும் அவர்களிடம் இருக்கும் பெயர்கள் வயல்காட்டில் வளர்ந்த நமக்கு எப்படித் தெரியும்? சிரமம் உண்மையானது. எனக்கு உதவிய ஒரு வழியைச் சொல்கிறேன்: உரையாடல் வரும் இடங்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கண்ணுக்கு முரண்டு பிடிக்கும் எழுத்து, காதுக்கு வழிவிடும். கி. ராஜநாராயணனுக்கும் இந்த வைத்தியம் வேலை செய்யும். அவராவது கரிசல் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்து வைத்துவிட்டுப் போனார்.

அப்படியும் ஓடவில்லை என்றால், கோத்ராப்பிள்ளை, சூசை, சிலுவை மூவரும் நடுக்கடலில் தத்தளிக்கும் பகுதிகளை மட்டும் முதலில் தொடர்ந்து படியுங்கள். கதை அங்கிருந்து பிடித்து இழுத்துக்கொள்ளும். இப்படித் தாவிப் படிப்பது தப்பு என்று யாராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நம் கூட்டங்களில் முடித்தவர்கள் மட்டுமே மேடை ஏறுகிறார்கள். பாதியில் விட்டவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்று அதில் இரண்டு வரும். நூலுக்கும் ஆளுக்கும் ஜோடி சேராத கதையையும் யாராவது சொன்னால்தானே நூலகர் அடுத்த புத்தகத்தைச் சரியாக எடுத்துக் கொடுப்பார்? நம் நூலகப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ‘அறுவை’, ‘முடிவு மோசம்’, ‘190ஆம் பக்கம் வரை பொறுத்துக்கொள்ளவும், பிறகு நன்றாக இருக்கும்’ என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். நூலகர் முறைக்கிறார், புத்தகத்தில் கிறுக்குவதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த 190ஆம் பக்கத்துக்காரர் யார் என்று தெரிந்தால் அடுத்த மாதம் சிறப்புரைக்கு அவரையே கூப்பிடலாம்.

நூலகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் ‘பாதியில் விட்ட புத்தகம்’ என்று தலைப்பு வையுங்கள். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் ‘காவல் கோட்டம்’, ‘அஞ்ஞாடி’ இரண்டையும் எடுத்துவிட்டு நின்றவர்கள் இந்த அறையிலேயே இருப்பார்கள். எந்தப் பக்கத்தில் நிறுத்தினீர்கள், அந்தப் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது, இரண்டையும் சொன்னால் போதும். பேச மூன்று நிமிடம் வேண்டாம், ஐந்தாக்குங்கள்.

இப்போது மைக்கை மோகமுள் அக்காவிடம் கொடுங்கள். நான் தங்கம்மா பற்றிச் சொன்னபோதே ஏதோ மறுத்துத் தலையாட்டினார், அதைக் கேட்க வேண்டும்.