கண்ணாடிச் சுவரைத் துளைத்து வந்த ஹீலியம்

நேயர்களுக்கு வணக்கம். தலைமுடியைவிட மெல்லிய சுவர் கொண்ட ஒரு கண்ணாடிக் குழாயைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

1908-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டுக்காக அதை ஊதிக் கொடுத்தவர் ஓட்டோ பாம்பாக் என்ற கண்ணாடிக் கலைஞர். சுவரின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான். ஆனாலும் காற்றழுத்தத்தைத் தாங்கி நின்றது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

கதிரியக்கத் தனிமமான ரேடியம் உமிழும் ஆல்ஃபா துகள் உண்மையில் என்ன? ரேடியத்திலிருந்து ஹீலியம் உண்டாவதை 1903-லேயே வேதியியலாளர்கள் ராம்சேயும் சாடியும் கண்டிருந்தார்கள். துகளின் மின்னூட்டமும் நிறையும்கூட ஹீலியத்தையே சுட்டின. ஆனால் சுட்டுவது வேறு, பிடித்துக் காட்டுவது வேறு.

ரதர்ஃபோர்டும் தாமஸ் ராய்ட்ஸும் அந்த மெல்லிய குழாய்க்குள் ரேடான் வாயுவை அடைத்தார்கள். ரேடியம் சிதையும்போது பிறக்கும் இந்த வாயுவும் ஆல்ஃபா துகள்களை உமிழும். அதைச் சுற்றித் தடித்த வெளிக்குழாய், இடையே வெற்றிடம். ரேடானால் சுவரைத் தாண்ட முடியாது. அசுர வேகத்தில் பாயும் ஆல்ஃபா துகளால் முடியும். வெளிக்குழாயில் சேர்ந்த வாயுவைப் பாதரசத்தால் மேலே தள்ளி, ஒரு நுண்குழாயில் நெருக்கி, மின்சாரம் பாய்ச்சி, எழுந்த ஒளியை நிறக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்தார்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கே உரிய கோடுகள் உண்டு. இரண்டு நாளில் மங்கலாக ஒரு மஞ்சள் கோடு. நான்காம் நாள் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று. ஆறாம் நாள் ஹீலியத்தின் முக்கியக் கோடுகள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிட்டன.

அந்த மஞ்சள் கோடு நம் பக்கத்துக்குப் புதிதல்ல. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின்போது, சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து சூரியனின் விளிம்பில் கண்டதும் அதைத்தான்.

அடுத்து அவர்கள் செய்ததே எனக்கு மிகவும் பிடித்தது. ரேடானை வெளியேற்றிவிட்டு, அதே குழாயில் ஹீலியத்தையே நிரப்பி நாள்கணக்கில் காத்திருந்தார்கள். வெளிப்பக்கம் ஹீலியத்தின் சுவடே இல்லை. ஆக, முன்பு வந்தது கசிந்த வாயு அல்ல, துளைத்துக்கொண்டு பாய்ந்த துகள்.

இரண்டு புரோட்டான், இரண்டு நியூட்ரான்: ஆல்ஃபா துகள் அவ்வளவுதான். வேகம் தணிந்ததும் அக்கம்பக்கத்திலிருந்து இரண்டு எலக்ட்ரான்களைப் பற்றிக்கொண்டு ஹீலியம் அணுவாகிவிடுகிறது.

பாறைக்குள்ளும் இதே கதைதான். ஒரு தோரியம் அணு ஈயமாக முடிவதற்குள் 6 ஆல்ஃபா துகள்களை விட்டெறிகிறது, யுரேனியம்-238 எட்டு. நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கும் மோனசைட் தோரியம் கொண்ட மணல்; அதன் மணிகளுக்குள் ஹீலியம் சிறைப்பட்டிருக்கிறது. மோனசைட்டைச் சூடாக்கினால் அது வெளியே வரும். அதே 1908-இல், ஜூலை 10 அன்று, நெதர்லாந்தின் லெய்டனில் காமர்லிங் ஓன்னஸ் முதன்முதலாகத் திரவமாக்கியது வேறொரு நாட்டு மோனசைட்டிலிருந்து அப்படி எடுத்த ஹீலியத்தைத்தான். கிடைத்தது சுமார் 60 மில்லிலிட்டர், ஒரு சிறிய தேநீர்க் குவளைக்குக்கூடப் போதாத அளவு. அத்தனையும் ஒரு காலத்தில் ஆல்ஃபா துகள்கள்.

நன்றி, வணக்கம்.