கார் கதவு திறந்த சத்தம்

வணக்கம் மக்களே. ட்ரேவான் மார்ட்டின் கேஸ் பத்திப் பேசணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்குது. இன்னைக்குப் பேசிடறேன்.

2012 பிப்ரவரி 26, அமெரிக்காவுல ஃபுளோரிடா மாநிலத்துல சான்ஃபோர்டுனு ஒரு ஊர். ராத்திரி, மழை. ட்ரேவான் மார்ட்டின்ங்கற 17 வயசுப் பையன் கடைக்குப் போய் மிட்டாய் பாக்கெட்டும் ஒரு ஜூஸ் டின்னும் வாங்கிட்டுத் திரும்பி நடந்து வர்றான். அந்தக் குடியிருப்போட காவல் குழுவுல இருந்த ஜார்ஜ் ஜிம்மர்மேனுக்கு அவனைப் பார்த்ததும் சந்தேகம். கார்ல இருந்தபடியே போலீசுக்கு போன் போடறார். அப்போ மணி 7:09. 7:16க்கு ஜிம்மர்மேன் துப்பாக்கியால சுட்டார், பையன் செத்துட்டான்.

அந்த போன் பதிவை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கேன். கார் கதவு திறக்கிற சத்தம் கேக்கும். அப்புறம் காத்து இரைச்சல். "அவன் பின்னாடியா போறீங்க?"ன்னு எதிர்முனையில கேக்கறாங்க. "ஆமா"ங்கறார். "நீங்க அதைச் செய்யத் தேவையில்லை"ன்னு சொல்றாங்க. "சரி"ங்கறார். போலீஸ் வந்தா எங்க சந்திக்கலாம்னு பேசி ஒரு இடம் முடிவாகுது. உடனே மாத்திடறார்: எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க, நான் எங்க இருக்கேன்னு சொல்றேன்னு. என்னை உறுத்துறது இந்த இடம்தான். கார்லயே உட்கார்ந்து காத்திருக்கப் போறவருக்கு அந்தப் பேச்சு எதுக்கு?

கைது பண்ணி வழக்குப் போடவே ஒன்றரை மாசம் ஆச்சு. 2013ல விசாரணை, ஆறு பெண்கள் ஜூரி, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்பு சொல்ற பொதுமக்கள் குழு. ஜிம்மர்மேனுக்கு மூக்கு உடைஞ்சிருந்தது, பின்மண்டையில காயம். அதை மறைச்சுப் பேசினா அது நியாயமே இல்லை. அவரோட வக்கீல் ஒரு கான்கிரீட் பலகையையே தூக்கிட்டு வந்து கோர்ட்ல போட்டார், பையன் இவர் தலையை மோதினது இதுலதான்னு. இன்னொண்ணும் பண்ணார். பையனுக்கு வீட்டுக்குப் போக நாலு நிமிஷம் இருந்துச்சுன்னு சொல்லி, ஜூரி முன்னாடி நாலு நிமிஷம் பேசாம இருந்தார்.

அந்த மௌனம்தான் எனக்குக் கோபம். இருட்டுல முன்பின் தெரியாத ஆள் ஒருத்தர் பின்னாடி வந்தா பையனுக்கும் பயம் இருக்கும்ல? "நகராம நின்னு எதிர்க்கலாம்"னு 2005ல ஃபுளோரிடா சட்டம் போட்டுச்சே, அது அவனுக்கு மட்டும் கிடையாதா?

ஜூலை 13, குற்றவாளி இல்லைன்னு தீர்ப்பு. பலரும் இதை அந்த 2005 சட்டத்தோட வேலைன்னு சொல்றாங்க. முழுசா அப்படி இல்லைங்க. விசாரணைக்கு முன்னாடியே விடுவிக்கச் சொல்லி அந்தச் சட்டத்துல கேக்கலாம், ஜிம்மர்மேன் தரப்பு கேக்கல. அவங்க வாதம் சாதாரணத் தற்காப்பு: நான் கீழ கிடந்தேன், உயிர் போயிடும்னு பயந்தேன். அந்தச் சட்டத்தோட வாசகம் ஜூரிக்குச் சொன்ன வழிகாட்டுதல்ல இருந்துச்சு, அவ்வளவுதான். அது தற்காப்பு இல்லைன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது அரசு. நேர்ல பார்த்த சாட்சிகள் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. இன்னொரு பக்கத்துக் கதையைச் சொல்ல வேண்டியவன் உயிரோட இல்லை. அந்த ஜூரியை நான் திட்ட மாட்டேன்.

ஆனா பாருங்க, சட்டம் பார்க்கிறது சுட்ட அந்த ஒரு நொடியில இருந்த பயத்தை. ஒருத்தர் பின்னாடி நடந்து போறது குற்றம் இல்லை, துப்பாக்கி லைசென்ஸும் இருந்துச்சு. அதனால கதவு திறந்ததுக்கு யாரும் தண்டனை குடுக்க முடியாது. இடுப்புல குண்டு போட்ட துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சே, போலீஸ் வந்துட்டு இருக்குன்னு தெரிஞ்சே, இறங்கினது அவர். அடிதடி ஆனா அது எங்க போய் முடியும்னு அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தான் முன்னாடியே தெரியும்.

2016ல அந்தத் துப்பாக்கியை ஜிம்மர்மேன் ஆன்லைன்ல ஏலத்துக்கு விட்டார். அந்த விளம்பரத்தைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல.