மைக் இல்லாத குரலை மிக அருகில் கேட்க: நடுநிலைப் பள்ளிக்கு நேரடி ஓபரா, ஒரு கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்னிக்கு எடுத்துக்கற கேள்வி ஒரு இசை ஆசிரியர்கிட்ட இருந்து வந்தது. அவங்க பள்ளியில ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு மூணும் சேர்த்து 400 பிள்ளைங்க. ஒரு ஓபராவை, அதாவது கதையைப் பாட்டாவே பாடி நடிக்கற மேற்கத்திய மேடை நாடகத்தை, நேர்ல காட்டணும்னு ஆசை. அரங்கத்துக்குக் கூட்டிட்டுப் போறதா, பாடகர் குழுவைப் பள்ளிக்கு வரவழைக்கறதா? எந்த ஓபராவை எடுக்கறது? இருக்கறது ஒரு உடற்பயிற்சிக் கூடம்தான், அது போதுமா? பிள்ளைங்க சிரிச்சிட்டா என்ன பண்றது? இவ்வளவும் ஒரே கேள்வியில இருக்கு.

முதல் தடவைன்னா குழுவைப் பள்ளிக்கு வரவழைங்க. ஓபராவை மத்த மேடை இசையில இருந்து பிரிக்கற விஷயம், குரல் மைக் இல்லாமலே வாத்தியங்களைத் தாண்டி வந்து காதுல விழறது. ஒரு ஆர்கெஸ்ட்ராவோட ஒலி சுமார் 500 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 500 அதிர்வு, அதுக்குப் பக்கத்துலதான் ரொம்ப பலமா இருக்கும். பயிற்சி எடுத்த பாடகர் தொண்டையையும் வாயையும் வச்சுக்கற விதத்துல, 3000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு தனி வலு சேருது. அங்க வாத்தியங்களோட போட்டி குறைவு. நம்ம காதுக்கும் அந்த இடத்துல கூர்மை அதிகம். அதனாலதான் குரல் துளைச்சிட்டு வருது. பிள்ளைங்க இதுவரைக்கும் கேட்ட பாட்டு பெரும்பாலும் ஸ்பீக்கர் வழியா வந்தது. ஒரு மனுஷ உடம்புல இருந்து நேரா இவ்வளவு ஒலி கிளம்பறதை 3 மீட்டர் தூரத்துல கேக்கறது வேற அனுபவம். பெரிய அரங்கத்தோட மாடி வரிசையில அந்த நெருக்கம் கிடைக்காது. அதனால நான் இப்ப சொல்லப்போற ஏற்பாடு எல்லாமே அந்தக் கேட்கும் அனுபவம் கெடாம இருக்கறதுக்காகத்தான்.

அரங்கத்துக்குப் போறதுலயும் ஒரு நல்ல வழி இருக்கு. நிறைய ஓபரா அரங்கங்கள் கடைசி ஒத்திகையை மாணவர்களுக்குத் திறந்து விடுவாங்க. ஆனா முன்கூட்டியே ஒண்ணு கேட்டு வச்சுக்கங்க: அன்னிக்குப் பாடகர்கள் முழுக்குரல்ல பாடுவாங்களா? முதல் காட்சிக்காகக் குரலைச் சேமிச்சு, ஒத்திகையில அரைக்குரல்ல பாடறது சகஜம். அப்படி நடந்துட்டா பிள்ளைங்க எதைக் கேக்க வந்தாங்களோ அது கிடைக்காது. அதோட, முழு ஓபரா இடைவேளையும் சேர்த்து மூணு மணி நேரம் போகும். ரெண்டாவது வருஷத்துக்கு அதை வச்சுக்கங்க.

இப்ப எந்த ஓபரான்னு பார்ப்போம். நாலஞ்சு பாடகர், ஒரு பியானோ, 45ல இருந்து 50 நிமிஷம், இந்த அளவைத் தாண்ட வேண்டாம். இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியோட "லா செர்வா பத்ரோனா", 1733ல நேப்பிள்ஸ்ல ஒரு பெரிய ஓபராவோட இடைவேளைகள்ல போடறதுக்குன்னே எழுதினது. பாடறவங்க ரெண்டே பேர்: பாஸ்ங்கற கனத்த ஆண் குரல் ஒண்ணு, சோப்ரானோங்கற உச்சப் பெண் குரல் ஒண்ணு. மூணாவது ஆள் வாயே திறக்கமாட்டார், நடிப்பு மட்டும்தான். நீளமே முக்கால் மணி நேரம்தான், அதனால எதையும் வெட்ட வேண்டியதில்ல. வீட்டு எஜமானரை வேலைக்காரி தந்திரம் பண்ணிக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கறதுதான் கதை. கை சுருக்கமா இருக்கற பள்ளிக்கு என்னோட முதல் பரிந்துரை இதுதான்.

மோட்சார்ட்டோட "மாயப் புல்லாங்குழல்", 1791ல வியன்னாவுல வந்தது. இதுல பாட்டுக்கு நடுவுல வர்றது வெறும் பேச்சு வசனம். அதனால கதையைச் சுருக்கறதும், வசனத்தைப் பிள்ளைங்க மொழியில மாத்தறதும் சுலபம். பறவை பிடிக்கற பாப்பகேனோ இந்த வயசுக்கு உடனே பிடிச்சுப் போற பாத்திரம். ஆனா மொனொஸ்டாடோஸ் பாத்திரத்தோட வசனத்துல தோல் நிறத்தை இழிவா பேசற வரிகள் இருக்கு. குழு அதை எப்படிக் கையாளுதுன்னு பிரதியை வாங்கிப் படிச்சுப் பாத்துட்டுதான் ஒத்துக்கணும். ரோசினியோட "செவிய்ய நகர் நாவிதன்", 1816, சிரிப்புக்கு உத்தரவாதம். ஆனா முழுசா ரெண்டரை மணி நேரம், அதனால வெட்டற கை தேர்ந்த கையா இருக்கணும். ஹும்பர்டிங்கோட "ஹென்சலும் கிரெட்டலும்", 1893, கதை தெரிஞ்ச கதை. அதுல ஹென்சல்ங்கற பையனா பாடறது ஒரு பெண், மெஸ்ஸோங்கற நடுத்தரப் பெண் குரல். இதை முன்னாடியே சொல்லிடுங்க. இல்லேன்னா பாதி நேரம் பிள்ளைங்க அதைப் பத்தியே கிசுகிசுன்னு பேசிட்டிருப்பாங்க.

வெட்டற விதத்துல பல குழுக்கள் தவறுது. எல்லாப் பாட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் வச்சுக்கிட்டு, பத்துப் பதினஞ்சு துண்டு பாடுவாங்க. ஆரியாங்கறது ஒரு பாத்திரம் தனியா பாடற பாட்டு, அது உணர்ச்சியை ஏத்தி ஏத்திக் கொண்டுபோய் உச்சத்துல விடற மாதிரி கட்டினது. பாதியில வெட்டினா அது வெறும் மெட்டாப் போயிடும். ஆறு பாட்டு எடுத்தாலும் அந்த ஆறையும் முழுசா பாடச் சொல்லுங்க. ஆரம்ப வாத்திய இசையை வேணும்னா ரெண்டு நிமிஷமாக் குறைக்கலாம். உரிமை விஷயம் ஒண்ணு: மேல சொன்ன இசை எல்லாம் பழசு, அதுக்குத் தடையில்ல. ஆனா புது மொழிபெயர்ப்புக்கும் புது பதிப்புக்கும் காப்புரிமை உண்டு. அனுமதி யார் வாங்கறதுன்னு ஒப்பந்தத்துல எழுதிக்கங்க.

இனி கூடம். இதுலதான் நிறைய கெடுது, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். 400 பேரை ஒரே காட்சியில உக்கார வைக்காதீங்க. 200, 200ஆ ரெண்டு காட்சி. நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி வேணும். ஒரு நாளைக்கு ரெண்டு காட்சிக்கு மேல அதே பாடகர்களைக் கேக்காதீங்க. முதல் காட்சியைப் பள்ளி தொடங்கினதுமே வைக்கவும் கூடாது. தூங்கி எழுந்த குரல் கனமா இருக்கும், பாடறதுக்கு முன்னாடி அதைப் பழக்கி எடுக்கணும். 10 மணிக்கு மேல வச்சா உச்ச ஸ்வரங்கள் பத்திரமா வரும்.

கூடத்துல மேடை இருந்தாலும் அதை விட்டுடுங்க. நீளமான பக்கச் சுவரை ஒட்டித் தரையிலேயே 6 மீட்டருக்கு 5 மீட்டர் இடம் ஒதுக்குங்க. பிள்ளைங்களை மூணு பக்கமும் அரைவட்டமா உக்கார வைங்க. முன் ரெண்டு வரிசை பாய், அடுத்து பெஞ்சு, கடைசியா நாற்காலி. முதல் வரிசைக்கும் பாடகருக்கும் 3 மீட்டர் இருக்கட்டும். முழுக்குரல் 1 மீட்டர் தூரத்துல 100 டெசிபலை எட்டலாம், அதனால இன்னும் கிட்ட வேண்டாம். சத்தம் தாங்காத பிள்ளைங்க இருப்பாங்க. அவங்களுக்குக் கதவு ஓரமா இடமும் காதுக் கவசமும் வச்சிருங்க. எப்ப பெரிய ஸ்வரம் வரும்னு முன்கூட்டியே சொல்லியும் வைங்க.

எதிரொலியைச் சோதிக்க, காலியான கூடத்துல ஒரு தடவை பலமா கைதட்டுங்க. தட்டினது ரெண்டு விநாடிக்கு மேல இழுத்துக்கிட்டே இருந்தா சொல்லு கலங்கிப் போகும். 200 பேர் உக்காந்ததும் உடம்பும் துணியும் கொஞ்சம் உறிஞ்சிக்கும். மீதிக்கு, பாடகருக்கு எதிர்ச் சுவர்ல உடற்பயிற்சி மெத்தைகளை நிமிர்த்திச் சாய்ச்சு வைங்க, இல்ல கனத்த திரை கட்டுங்க. அழகுக்காகப் பாடகருக்குப் பின்னாடி கனத்த திரை போடறது வழக்கம். அதைப் போடாதீங்க. பின்னால கெட்டியான சுவர் இருந்தா அது குரலை முன்னால தள்ளிக் கொடுக்கும், திரை அதை விழுங்கிடும்.

அப்புறம் சின்னச் சின்ன சத்தங்கள். மின்விசிறி, ஏசி, தண்ணி குளிர்விக்கற இயந்திரம், பக்கத்து மைதானத்துப் பந்து. பள்ளி மணியையும் ஒலிபெருக்கி அறிவிப்பையும் அந்த ஒரு மணி நேரம் நிறுத்தி வைக்க எழுத்து மூலமா அனுமதி வாங்குங்க. கூடத்து விளக்கு பழைய மெட்டல் ஹாலைடு வகையா இருந்தா, நடுவுல அணைச்சுப் போடலாம்னு திட்டம் போடாதீங்க. சூடா இருக்கும்போது அணைச்சா மறுபடி முழு வெளிச்சம் வர 10, 15 நிமிஷம் ஆகும். கேள்வி நேரம் இருட்டுல நடக்கும். ஒலிபெருக்கி பாத்துக்கறவர் அன்போட மைக் கொண்டு வந்து நீட்டுவார். அது தொகுத்துப் பேசறவருக்கு மட்டும் போதும். பாடகர்களுக்கு வேண்டவே வேண்டாம்.

பியானோ பள்ளியில இருந்தா, ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே அந்த இடத்துக்கு நகர்த்தி நிலைக்க விடுங்க. முந்தின நாள் சாயங்காலம் சுருதி சேக்கணும். சேத்துட்டு நகர்த்தினா பயனில்ல. சுருதி நிக்காத பழைய பியானோன்னா, 88 கட்டை உள்ள, அழுத்தம் சரியா இருக்கற டிஜிட்டல் பியானோவைக் குழுவையே கொண்டு வரச் சொல்லுங்க. அதோட ஸ்பீக்கர் பியானோவுக்குப் பக்கத்துலயே இருக்கணும். கூடத்து மூலையில இருக்கற பெட்டிகள்ல இணைச்சா பாட்டு ஒரு திசையிலயும் பியானோ வேற திசையிலயும் கேக்கும். இசையை நடத்தறவர் தனியா இல்லாததால, பியானோ வாசிக்கறவர் பாடகரோட முகத்தையும் மூச்சையும் பாத்துதான் சேர்ந்து வாசிப்பார். அவர் முதுகு பாடகர் பக்கம் திரும்பற மாதிரி போட்டுடாதீங்க.

சிரிப்பு. இதுக்குத்தான் ஆசிரியர்கள் ரொம்ப பயப்படறாங்க. 11ல இருந்து 14 வயசுல, கிட்டத்துல முதல் முழுக்குரல் கேட்டா சிரிப்பு வரத்தான் செய்யும். அதிர்ச்சி, கூச்சம், பக்கத்துல இருக்கறவன் என்ன நினைப்பான்ங்கற யோசனை எல்லாம் சேர்ந்த சிரிப்பு அது. அவமதிப்பு இல்ல. சத்தம் போட்டு அடக்கினா மீதி 45 நிமிஷமும் அடக்கின சிரிப்பாவே இருக்கும். அதனால சிரிக்க இடம் கொடுத்துடுங்க. கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பாடகர் சாதாரண உடுப்புல வந்து, சாதாரணமா பேசி, திடீர்னு ஒரே ஒரு வரியை முழுக்குரல்ல பாடட்டும். சிரிப்பாங்க. அவரும் சிரிச்சிட்டு அதே வரியைத் திரும்பப் பாடட்டும். ரெண்டாவது தடவை கேப்பாங்க. உடனே, தொண்டையில என்ன நடந்ததுன்னு அவரே சொல்லணும். 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம்னா குரல் நாண்கள் ஒரு விநாடிக்கு 440 தடவை மூடித் திறக்குது. "மாயப் புல்லாங்குழல்"ல வர்ற இரவு ராணிங்கற பாத்திரத்தோட உச்ச ஸ்வரத்துல அது கிட்டத்தட்ட 1400 தடவை. அங்கிருந்து குரல் உடையற விஷயத்துக்குப் போகலாம். பையன்களுக்கு அந்த வயசுல நாண்கள் நீண்டு தடிச்சு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குது. தன் குரல் எப்ப கீச்சுன்னு போகும்னு பயந்துக்கிட்டே உக்காந்திருக்கற ஏழாம் வகுப்புப் பையன், பாரிடோன்ங்கற நடுத்தர ஆண் குரல்ல பாடற ஒருத்தர் வாயால இதைக் கேட்டதும் நிமிர்ந்து உக்காருவான்.

முன் தயாரிப்புக்கு 40 நிமிஷ வகுப்பு ரெண்டு போதும். முதல் வகுப்புல கதையை முடிவோட சேர்த்துச் சொல்லிடுங்க. அடுத்து என்னன்னு தேடற மனசு பாட்டுல நிக்காது. ரெண்டாவதுல ஒரு கோரஸ் பாட்டைக் கத்துக் கொடுங்க, காட்சி அன்னிக்குப் பிள்ளைங்க உக்காந்த இடத்துல இருந்தே பாடட்டும். பிரிட்டன்ங்கற ஆங்கிலேய இசையமைப்பாளர் 1949ல எழுதின "சின்னப் புகைக்கூண்டுப் பையன்" ஓபராவுல பார்வையாளர் பாடறதுக்குன்னே நாலு பாட்டு இருக்கு. இத்தாலியில "ஓபரா தொமானி"ங்கற பள்ளித் திட்டமும் இதே வழியிலதான் நடக்குது. ஆறு ஸ்வரத்துக்குள்ள அடங்கற மெட்டா எடுங்க, குரல் உடைஞ்ச பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடட்டும். ஒரு எச்சரிக்கை: இணையத்துல கிடைக்கற பதிவை வச்சுச் சொல்லிக் கொடுத்துடுவாங்க, குழு வேற சுருதியில வேற வேகத்துல வாசிக்கும், பிள்ளைங்க தடுமாறி வாயை மூடிக்குவாங்க. குழுவோட பியானோ கலைஞர்கிட்டயே அந்தப் பாட்டைப் பதிவு பண்ணி அனுப்பச் சொல்லி, அதை வச்சுப் பழக்குங்க.

மொழி: பேச்சு வசனம் பிள்ளைங்க மொழியில, ஆரியா மூல மொழியில, அதுக்கு முன்னாடி தொகுப்பாளர் ரெண்டு வரியில அர்த்தம் சொல்லட்டும். திரையில வரி ஓட்டறதை நான் பரிந்துரைக்கமாட்டேன். பகல் வெளிச்சத்துல தெரியாது, ஸ்வரக் குறிப்பைப் பார்த்து வரி மாத்தத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும், எல்லாத்துக்கும் மேல பிள்ளைங்க கண்ணு பாடற முகத்தை விட்டு நகர்ந்துடும்.

குழுவுக்கு வேண்டியது: காட்சிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி திறந்த கூடம், வண்டி நிக்க இடம், தனித்தனி இணைப்புல ரெண்டு மின் செருகி, கழிப்பறைக்குப் பக்கத்துல ரெண்டு அறை, குளிராத தண்ணி. தூசி தொண்டையைப் பிடிக்கும், அதனால பெருக்கறதை முந்தின நாளே முடிச்சு ஈரத்துணியால துடைச்சிடுங்க. புகை இயந்திரம் வேண்டாம். பாடகருக்கு உடம்பு சரியில்லாமப் போனா மாத்து ஆள் உண்டா, இல்ல மாத்துத் தேதியாங்கறதையும் ஒப்பந்தத்துலயே கேட்டுடுங்க. ஆசிரியர்கள் பின்னால நின்னு நோட்டுத் திருத்தாம, பிள்ளைங்க நடுவுலயே உக்காரணும்.

கடைசியில 15 நிமிஷம் கேள்வி நேரம். பாடகர்கள்ல ரெண்டு பேர் பதில் சொல்லட்டும், மத்தவங்க அடுத்த காட்சிக்குக் குரலை ஆற விடட்டும். "ஏன் இப்படிக் கத்தறீங்க"ன்னு ஒரு பிள்ளை கேட்டா தடுக்காதீங்க, பாடகர்களுக்கு அது ரொம்பப் பிடிச்ச கேள்வி. ரெண்டு காட்சிக்குப் பணம் போதலேன்னா 400 பேரையும் ஒரே காட்சியில அடைக்காதீங்க. இந்த வருஷம் ஏழாம் வகுப்புக்கு மட்டும் நடத்துங்க, அடுத்த வருஷம் வர்ற ஏழாம் வகுப்புக்கு மறுபடியும் நடத்துங்க. ரெண்டு வருஷத்துல மூணு வகுப்புப் பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்க கேட்டிருப்பாங்க, அதுவும் கிட்ட உக்காந்து.