கண்ணாடிக்கு வெளியே, மூன்றடி உயரத்தில்

நேயர்களுக்கு வணக்கம். கடைகளின் முகப்புக் கண்ணாடிக்குள் பொம்மைகளை நிறுத்தி, உடை அணிவித்து, விளக்கு அமைத்துக் கொடுப்பது என் தொழில். பொது இடங்களில், குழந்தைகளின் கண்ணில் படும்படி வைக்கப்படுகிற பாலியல் சாயல் கொண்ட கடைக் காட்சிகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது, மனநல மருத்துவர் ஒருவரையோ வழக்கறிஞர் ஒருவரையோ அழைப்பதுதான் பொருத்தம் என்று முதலில் சொல்லிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்ததில், அந்தக் காட்சிகளை அமைக்கிற கையே வந்து பேசுவதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது.

சில ஆண்டுகளுக்கு முன்பு, உள்ளாடைக் கடை ஒன்றின் முகப்பை நான் அமைத்து முடித்த மறுநாள், ஐந்து வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமியைக் கையில் பிடித்தபடி ஒரு தாய் உள்ளே வந்தார். அவர் சத்தம் போடவில்லை. “கொஞ்சம் வெளியே வந்து, இவள் நிற்கிற இடத்தில் குனிந்து பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். நான் போய், நடைபாதையில் முழங்காலிட்டுப் பார்த்தேன்.

ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர். கண்கள் அதற்குப் பத்து சென்டிமீட்டர் கீழே இருக்கும். முகப்பின் தளமோ நடைபாதையிலிருந்து அரையடி, ஓரடி உயர்த்திக் கட்டப்பட்டிருக்கும். ஆகவே பெரியவர்கள் பொம்மையின் தோளையும் துணியின் நிறத்தையும் பார்க்கிற அதே இடத்தில், குழந்தையின் பார்வை நேராகப் பொம்மையின் தொடையில் போய் நிற்கிறது. நான் ஒரு காலை மடக்கி, இடுப்பை ஒருபுறம் சாய்த்து, கீழிருந்து விளக்கு விழும்படி அமைத்திருந்தேன். பெரியவர்களின் உயரத்திலிருந்து பார்த்தால் ஒயிலாகத் தெரிந்த அந்த நிலை, கீழிருந்து பார்க்கையில் வேறொன்றாக இருந்தது. போதாததற்கு, கண்ணாடியின் அடிப்பகுதியில், இரட்டை அர்த்தம் தொனிக்கும் ஒரு வாசகத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தோம். அந்தச் சிறுமி அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியிருந்தாள். வழியில் தென்படும் எழுத்தையெல்லாம் சத்தமாகப் படிக்கும் பருவம் அது.

உள்ளாடை விற்பதிலோ, அதைக் காட்டி விற்பதிலோ எந்தத் தவறும் இல்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். துவைத்துக் கொடியில் உலர்த்துகிற துணியைக் கண்டு குழந்தைகள் கெட்டுப்போவதில்லை. ஒரே ஆடையை இரண்டு விதமாகக் காட்டலாம். நிமிர்ந்து நிற்கும் பொம்மைக்கு அணிவித்து, சீரான விளக்கொளியில் வைத்தால் அது சரக்கு. அதையே மண்டியிட்டோ மல்லாந்தோ கிடக்கும் பொம்மைக்கு அணிவித்து, தோள்பட்டையிலிருந்து நழுவ விட்டு, மணிக்கட்டில் ஒரு நாடாவையும் சுற்றிவிட்டால், அங்கே விற்கப்படுவது ஆடை அல்ல, ஒரு கதை. தலையில்லாத பொம்மைகளைப் பலரும் கவனித்திருப்பீர்கள். விலை குறைவு, சிகையலங்காரம் வேண்டியதில்லை என்ற வெறும் தொழில் வசதிக்காகத்தான் நாங்கள் அவற்றை வாங்குகிறோம். ஆனால் முகமே இல்லாத ஓர் உடலை அத்தகைய நிலையில் நிறுத்தும்போது, நாங்கள் நினைக்காத ஒன்றையும் அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது.

பிடிக்காதவர்கள் பார்க்காமல் போகலாமே என்று கடைக்காரர்கள் சொல்வதுண்டு. இந்த வாதத்துக்கு நீதிமன்ற வரலாறே உண்டு. திறந்தவெளித் திரையரங்கின் திரை சாலையிலிருந்து தெரியுமானால் அதில் நிர்வாணம் காட்டக் கூடாது என்று அமெரிக்காவின் ஜாக்சன்வில் நகரம் விதி போட்டிருந்தது. 1975இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. விரும்பாதவர் பார்வையைத் திருப்பிக்கொள்ளலாம் என்பது ஒரு காரணம். விதி அளவுக்கு மீறி விரிந்து, பச்சைக் குழந்தையின் வெற்றுடலைக் காட்டுவதைக்கூடத் தடுத்துவிடும் என்பது இன்னொன்று. இரண்டாவது காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். முதல் காரணத்தை ஏற்க என் தொழில் அனுபவம் இடம் கொடுக்கவில்லை. பார்வையைத் திருப்ப விடாமல் செய்வதற்குத்தானே எங்களுக்குக் கூலி கொடுக்கிறார்கள்! திரைப்படத்துக்கு வயதுச் சான்றிதழ் இருக்கிறது, தொலைக்காட்சியை அணைத்துவிடலாம், இதழை வாங்காமல் விடலாம். பள்ளிக்குப் போகிற வழியில் இருக்கும் கண்ணாடிக்கு அப்படிப்பட்ட தாழ்ப்பாள் எதுவும் இல்லை.

பிரிட்டனில் அநாகரிகக் காட்சிகளைக் கட்டுப்படுத்த 1981இல் ஒரு சட்டம் வந்தது. அத்தகைய பொருளைப் பொது இடத்திலிருந்து தெரியும்படி வைப்பது குற்றம். உள்ளே இருப்பவற்றை அநாகரிகமாகக் கருத நேரலாம், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு அனுமதி இல்லை என்ற எச்சரிக்கைப் பலகையை வாசலில் வைத்து, உள்ளே இருப்பது வெளியே தெரியாதபடி கடை நடத்தினால் குற்றமாகாது. பொருளைத் தடை செய்யாமல், அது தெரியும் இடத்தை மட்டும் வரையறுத்த அணுகுமுறை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அநாகரிகம் என்றால் என்ன என்பதை அந்தச் சட்டம் விளக்கவில்லை. நான் அமைத்த முகப்பைப் போன்றவை எந்த நாட்டிலும் சட்டத்தின் கண்ணில் ஆபாசமாவது கடினம்; எல்லைக்கு ஒரு விரற்கடை இப்பால் நிறுத்தத் தெரிந்தவர்கள் நாங்கள்.

அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு ஒன்று 2007இல் சிறுமிகள் பாலியல் பொருளாகக் காட்டப்படுவது பற்றி அறிக்கை வெளியிட்டது. பாலியல் கவர்ச்சி ஒன்றை மட்டுமே வைத்து ஒருவருக்கு மதிப்புப் போடுவதை அது அடையாளம் காட்டியது. சுயமதிப்புக் குறைவு, உணவு உண்பதில் கோளாறு, மனச்சோர்வு ஆகியவற்றோடு இதற்குள்ள தொடர்பையும் பேசியது. ஒரு கடைக் கண்ணாடி ஒரு குழந்தையைக் கெடுத்துவிடும் என்று இதற்குப் பொருளல்ல. விளம்பரம், பாட்டு, பொம்மை, உடை என நாலா பக்கமும் ஒரே குரல் கேட்டுக்கொண்டிருந்தால் அது இயல்பாகிவிடும் என்பதே கவலை. 2011இல் பிரிட்டிஷ் அரசுக்காக ரெக் பெய்லி தயாரித்த அறிக்கை, பாலியல் படங்கள் கொண்ட விளம்பரங்களைப் பள்ளிகள் போன்ற, குழந்தைகள் கூடுமிடங்களின் அருகில் குறைக்க வேண்டும் என்றும், அத்தகைய அட்டைப் படமுள்ள இதழ்களைக் குழந்தைகளின் எளிய பார்வையில் வைக்கக் கூடாது என்றும் பரிந்துரைத்தது.

எதிர்ப்பு தடம் மாறுவதும் உண்டு. 2013இல் மும்பை மாநகராட்சி மன்றம், உள்ளாடை அணிந்த பொம்மைகளைக் கடை முகப்பிலிருந்து அகற்ற வேண்டுமென்று தீர்மானம் நிறைவேற்றியது. அவை பெண்களுக்கு எதிரான குற்றங்களைத் தூண்டுகின்றன என்று காரணம் சொல்லப்பட்டது. குற்றம் செய்தவனை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக் பொம்மையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிற வாதம் இது. இதைக் கேட்டு வளரும் குழந்தை, பெண்ணுடல் என்றாலே ஒளித்துவைக்க வேண்டிய அபாயம் என்று கற்றுக்கொள்ளும். நான் கேட்பது, குழந்தை தன் உடலைப் பற்றி வெட்கமில்லாமல், தன் வயதுக்கேற்ற வேகத்தில் அறிந்துகொள்ள விடுங்கள் என்பதைத்தான்.

கடைக்காரர்களுக்கு நான் சொல்லக்கூடியவை தொழில் சார்ந்தவையே. பொம்மையை முகப்பிலிருந்து நாலடி உள்ளே தள்ளி, பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். கண்ணாடியின் கீழ்ப்பாதிக்குப் பனிபடர்ந்ததுபோன்ற படலத்தை ஒட்டுங்கள்; அதற்கு மேலே உள்ளது பெரியவர்களுக்குத் தாராளமாகத் தெரியும். திறப்பதற்கு முன், விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள்.

பெற்றோர், குழந்தையின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம். அதுதான் நினைவில் தங்கும். “இது பெரியவர்கள் உடுத்தும் துணி, கடைக்காரர் ஆள்களை நிற்கவைப்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்” என்று சொன்னால் போதும். அந்த வயதுக்கு அது பொய்யுமல்ல. பிறகு கடைக்குள் போய்ப் பொறுப்பாளரிடம் பேசுங்கள். விற்பனைக்கு நிற்கும் பெண்களிடம் கோபப்படாதீர்கள். முகப்பில் என்ன வைப்பது என்று யாரும் அவர்களைக் கேட்பதில்லை.

அந்தத் தாய் போன பிறகு, வாசகத்தை நானே சுரண்டி எடுத்தேன். கால் மணி நேரம் ஆனது. பொம்மையின் நிலையை மாற்றக் கடை உரிமையாளரைச் சம்மதிக்கவைக்க இரண்டு வாரம் பிடித்தது. கடைசியில் அவரையும் நடைபாதைக்கு அழைத்துப்போய் முழங்காலிட வைக்க வேண்டியிருந்தது. நன்றி, வணக்கம்.